லாசாலில் பொங்கிய பால்

மொன்றியலில் வீடு பார்க்கப் புறப்படுகிறவன் வாசலைத் தாண்டுமுன் தன் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இது சிவம் அண்ணை போட்ட சட்டம். கோட்-டெ-நெய்ஜில் ஒரு தொடர்மாடி வீட்டில் நாங்கள் எட்டு ஆண்கள் குடியிருந்தோம். எட்டுப் பேரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள். சிவம் அண்ணை எங்களில் மூத்தவர். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் இருந்தவர். வந்த கையோடு பிரெஞ்சு வகுப்புக்குப் போய்ப் பேசுமளவுக்குப் பொறுக்கி வந்தவர். எங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் அந்த மணம் திரைச்சீலையை விட்டுப் போக நாட்கள் ஆகும். சட்டைகளை விட்டுப் போக அதைவிடக் கூட ஆகும்.

அதனால் அந்த ஜூன் மாதத்தில் எனக்கு வீடு கிடைக்கும்வரை எட்டுப் பேரும் கருவாட்டை மறந்தோம். பாணும் பருப்பும்தான் சாப்பாடு. என்னுடைய ஒரே நல்ல சட்டை பல்கனியில் தனியாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. எனக்காக ஏழு பேர் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கொழும்பில் இருந்த என் மனைவி ரஜனியும் எட்டு வயது மகள் வதனியும் ஜூலை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை வந்து இறங்கப்போகிறார்கள். எப்படிப் புறப்பட்டார்கள், எந்த வழியால் வந்தார்கள் என்பதெல்லாம் தனிக் கதை, இங்கே வேண்டாம். வந்த பிறகு அவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் என் கவலை. எட்டு ஆண்கள் பாய் விரித்துப் படுக்கும் கூடத்துக்கா? அரைக்காற்சட்டை போட்ட ஒரு கூட்டத்துக்கு நடுவில் அந்தப் பிள்ளை எங்கே உடுப்பு மாற்றும்? இதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அநேகமாக எல்லா வீட்டு ஒப்பந்தமும் ஜூன் கடைசியில் முடியும், ஜூலை முதலாம் தேதி புதிதாகத் தொடங்கும். அன்றைக்கு ஊரே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறும். நம் ஊரில் கல்யாணத்துக்கு முகூர்த்த மாதங்கள் இருப்பதுபோல இங்கே வீடு மாறுவதற்கு ஒரே ஒரு நாள். அதைத் தவறவிட்டவன் அடுத்த வருடம்வரை கிடைத்த பொந்தில் கிடக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பயமுறுத்துவதற்கு நான் நல்ல ஆள். உடனே பயந்துவிடுவேன்.

டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையல் கூடம் ஒன்றில் எனக்குத் தட்டுக் கழுவும் வேலை. ஆகாயத்தில் யாரோ பாதி தின்று மிச்சம் விட்ட கோழியையும் கேக்கையும் சுரண்டிக் கொட்டிவிட்டு, பின்னேரத்தில் தெருத்தெருவாக அலைவேன். வாடகைக்கு விடும் வீட்டின் ஜன்னலில் சிவப்பும் வெள்ளையுமாக ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டையை எந்தத் தூரத்தில் கண்டாலும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இங்கே வீட்டை அறைகளால் எண்ணுகிறார்கள். மூன்றரை, நாலரை என்று சொல்வார்கள். அந்த அரை என்பது குளியலறை. நம் ஊரில் கிணற்றடியை யார் கணக்கில் சேர்த்தார்கள்? எனக்கு மூன்றரை போதும் என்று சிவம் அண்ணை தீர்ப்புச் சொன்னார்.

தொலைபேசியில் எல்லா வீடும் இருக்கும். நேரில் போனால், சற்றுமுன்தான் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார் என்பார்கள். ஜன்னலில் அட்டை மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கும். ஓர் ஆள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். மூன்று குடும்பமா என்றார். இல்லை, மனைவி, மகள், நான் என்று விரலைக் காட்டி எண்ணினேன். அவர் என் தோளுக்கு மேலால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். மிச்ச ஆட்களை நான் கீழே ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நினைத்தாரோ தெரியாது. மொழிபெயர்க்க என்னோடு வந்திருந்த சிவம் அண்ணை தெருவுக்கு இறங்கியதும், "தம்பி, நீர் சிரிச்சுக்கொண்டு நிண்டீர். அதுதான் பிழை. சிரிச்சா பொய் எண்டு நினைப்பாங்கள்" என்றார். அடுத்த வீட்டில் நான் சிரிக்கவில்லை. அங்கேயும் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை லாசாலுக்குப் போனோம். நகரத்தின் தென்மேற்கு மூலை அது. கோட்-டெ-நெய்ஜ் மேட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி, மெட்ரோ பிடித்து, அது முடியும் இடத்தில் மேலே ஏறி வந்து, மறுபடி ஒரு பஸ். ஒரு பயணத்திலிருந்து மற்றதற்கு மாற ஒரு சிறு கடதாசிச் சீட்டுத் தருவார்கள். நான் பதற்றத்தில் அந்தச் சீட்டைச் சுருட்டிச் சுருட்டி விளக்குத் திரியாக்கியிருந்தேன். பஸ் சாரதி அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இப்படிச் சுருட்டுகிற உன் வேலையைவிட என் வேலை பரவாயில்லை என்று பிரெஞ்சில் சொன்னாராம். சிவம் அண்ணை மொழிபெயர்த்தார். ஆனாலும் சாரதி எங்களை ஏற்றிக்கொண்டார்.

மத்தியானம் ஒரு சிறிய கடையில் ஏறி இருந்தோம். உருளைக்கிழங்குப் பொரியலின்மேல் வெண்ணிறப் பாற்கட்டித் துண்டுகளைப் போட்டு, அதன்மேல் கடும் பழுப்புக் குழம்பை ஊற்றித் தந்தார்கள். சூடாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. பாதியில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குழம்பு எந்த இறைச்சியில் வைத்தது என்று கேளுங்கோ என்றேன். சிவம் அண்ணை தன் கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "திண்டு முடிச்சுப்போட்டுக் கேப்பம்" என்றார். முடித்த பிறகு கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் கோஸ்தாவைக் கண்டோம். வீட்டுக்காரர், கிரேக்கர், ஐம்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான ஆள். மூன்று மாடிச் செங்கல் வீடு, வெளியே இரும்புப் படிக்கட்டு, பின்வளவில் தக்காளி, திராட்சைக் கொடி. நான் தக்காளிக் கன்றுக்குக் கட்டிய தடியைப் பார்த்து, எங்கள் ஊரிலும் இப்படித்தான் கட்டுவோம் என்றேன். ஆள் குளிர்ந்துவிட்டார். மனைவி வருகிறாளா, ஒரே ஒரு மகளா, நல்லது, குடும்பம் என்றால் நல்லது என்று என் முதுகில் தட்டினார். ஆங்கிலம் எங்களைப்போலவே அவருக்கும் இரவல்தான் என்பதால் விளங்கிக்கொள்ள முடிந்தது.

வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டோம். இரண்டாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள், முதலாம் தேதி போகிறாள், அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லித் தன்னுடைய கீழ் வீட்டைக் காட்டினார். மேலேயும் இதே அச்சு என்றார். ஒப்பந்தம் முதலாம் தேதி, சாவி கொடுக்கும்போது. இப்போதைக்குக் கை கொடுத்தால் போதும். என் கை அவருடைய கைக்குள் காணாமல் போய் மீண்டு வந்தது.

திரும்பி வரும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அண்ணை, ஒரு கையெழுத்தும் இல்லையே?"

"கை குடுத்திட்டான்தானே. உமக்கு வீடு கிடைக்காட்டியும் பயம், கிடைச்சாலும் பயம்."

உண்மைதான். அந்த இரவு எங்கள் வீட்டில் கருவாடு பொரித்தார்கள்.

மறு வாரம் ரஜனி கொழும்பிலிருந்து பேசினாள். அவளுடைய தமையனின் கடைத் தொலைபேசி, பின்னால் லொறிகளின் சத்தம். வீடு கிடைத்த செய்தியைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். அடுத்த மூச்சில், "எண்டைக்குக் குடிபூருறது?" என்று கேட்டாள்.

"முதலாம் தேதி. செவ்வாய்க்கிழமை."

"செவ்வாயிலோ? உங்களுக்கு விசரே? ஆராவது செவ்வாய்க்கிழமை புது வீட்டுக்குப் போவினமே?"

"இஞ்சை ஊரெல்லாம் அண்டைக்குத்தான் மாறும், ரஜனி."

"அவை மாறட்டும். ஐயாட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

இரண்டு நாளில் மாமனாரின் பஞ்சாங்கம் பதில் சொல்லிவிட்டது. செவ்வாய் கூடாது. அதன் பிறகு நாங்கள் இருந்த அவசரத்துக்கு ஏற்ற நாளே இல்லை. செவ்வாய்க்கு முதல் நாள் திங்கள் மிக நல்லது. திங்கள் காலையில் போய்ப் பால் காய்ச்சிவிட்டால் குடிபுகுந்த கணக்குத்தான், சாமான்களைச் செவ்வாயில் கொண்டுபோனால் தோஷமில்லை. "இவ்வளவு பட்டாச்சு. இனியும் ஒண்டு நடந்தா என்னால ஏலாது. இதையாவது செய்யுங்கோ" என்றாள். அவளுடைய குரல் உடைந்தது. செய்கிறேன் என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, திங்களன்று அந்த வீட்டில் வேறொரு பெண் அல்லவா இருப்பாள்? எட்டுப் பேரும் கூடி யோசித்தோம். கொழும்பில் திங்கள் விடிகிறபோது இங்கே ஞாயிறு இரவு. அப்படியென்றால் எந்தத் திங்கள்? கோள்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே என்று ஒருவர். சூரியன் இங்கே உதிக்கும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று இன்னொருவர். கோஸ்தாவிடம் கேட்கலாமா என்றால், பாலைக் காய்ச்ச வேண்டும் என்று கேட்கிற குடியிருப்பாளனை அவர் என்ன நினைப்பார்? கொடுத்த கையைத் திரும்ப எடுத்துவிட்டால்? கடைசியில் சிவம் அண்ணை சொன்னார்: "அந்த மனிசியைக் கேப்பம். பத்து நிமிச வேலை. சும்மா போகாமல் வடை கொண்டு போவம்."

திங்கள் காலை நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு சிவம் அண்ணையோடு புறப்பட்டேன். கையில் புதுப் பாத்திரம், மஞ்சள், உப்பு, பருத்தித்துறை வடை ஒரு பை. இந்த ஊரில் பால் பிளாஸ்ரிக் பைகளில் விற்பார்கள். அந்தப் பையொன்றைப் பாத்திரத்துக்குள் வைத்து மடியில் வைத்திருந்தேன். மெட்ரோவில் ஒரு பாதகமும் இல்லை. பஸ்ஸில் ஒரு திருப்பத்தில் பாத்திரம் சரிந்து, பை எங்கோ குத்துப்பட்டு, பால் என் காற்சட்டையை நனைத்து நடைவழியால் ஓடத் தொடங்கியது. ஆட்கள் காலைத் தூக்கினார்கள். ஒரு கிழவர், பசு எங்கே என்று கேட்டுச் சிரித்தாராம். நான் ஓட்டையை விரலால் பொத்திப் பிடித்துக்கொண்டு, இது கெட்ட சகுனமா நல்ல சகுனமா என்று தெரியாமல் லாசால் வரைக்கும் அப்படியே இருந்தேன்.

கோஸ்தாவின் கார் வாசலில் இல்லை. நிம்மதியோடு இரும்புப் படிக்கட்டில் ஏறினோம். கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். தலையில் துணி கட்டி, கையில் சிகரட். மடாம் ரோஸ் என்று பெயர் சொன்னார். தான் விற்கப்போட்டிருந்த மேசையைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து நேரே குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கும் அட்டைப் பெட்டிகள். கோப்பைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அடுக்கியிருந்தார். பின் பல்கனியில் பூச்சட்டிகள் கட்டப்பட்டு நின்றன.

சிவம் அண்ணை தன் முழுப் பிரெஞ்சையும் அங்கே இறக்கினார். மேசைக்கு வரவில்லை, எங்கள் வழக்கப்படி கொஞ்சம் பால் காய்ச்ச வேண்டும், உங்கள் அடுப்பில், பத்தே நிமிடம், மன்னிக்க வேண்டும். நான் பாத்திரத்தையும் வடைப் பையையும் சாட்சிக்கு நீட்டினேன். மடாம் ரோஸ் எங்கள் இருவரையும் பார்த்தார், என் நனைந்த காற்சட்டையைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தானே அடுப்பைப் போட்டுவிட்டு, ஒரு வடையை எடுத்துக் கடித்து, காரம் தாங்காமல் தண்ணீர் குடித்து, இன்னொன்றை எடுத்தார்.

மின்சார அடுப்பில் பால் பொங்குவது லேசில் நடக்காது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, மனிசி கேக்கிறா, நாங்கள் கோஸ்தாவின்ர தங்கச்சி மகனுக்கு உதவிக்கு வந்தனாங்களோ எண்டு."

"எந்தத் தங்கச்சி மகன்?"

சிவம் அண்ணை திரும்பிக் கேட்டார். அந்தப் பெண் நீளமாகச் சொன்னார், சிகரட் கையால் வீட்டைச் சுற்றிக் காட்டிச் சொன்னார். சிவம் அண்ணையின் முகம் மாறியது. அவர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்பதை மறந்துவிட்டார்.

"கோஸ்தா இவவுக்குச் சொன்னது வேற கதை. தன்ர தங்கச்சியின்ர மகன் கலியாணம் முடிச்சுக் கிரேக்கத்தில இருந்து வாறானாம், அவனுக்கு வீடு வேணுமாம். சொந்தக்காரருக்கெண்டாத்தான் ஆளை எழுப்பலாமாம், இல்லாட்டி எழுப்பேலாதாம். பதினொரு வருசமா இருக்கிறா. புருசன் செத்ததும் இந்த வீட்டிலதானாம். இப்ப வேற ஊரில தமக்கையின்ர சோபாவில படுக்கப் போறா."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எந்தத் தங்கச்சி மகனும் வரவில்லை. வரப்போவது நாங்கள். புதிதாக வருகிறவனிடம் வாடகையை ஏற்றலாம். அதற்காக ஒரு பொய். எங்களை மேலே விடாததும், கையெழுத்தைத் தள்ளிப்போட்டதும் இதனால்தான். செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் இந்தப் பெண் போயிருப்பார், நாங்களும் ஒன்றும் அறியாமல் சந்தோஷமாகப் பால் காய்ச்சியிருப்போம்.

"இப்ப என்ன சொல்ல?" என்றார் சிவம் அண்ணை. "ஓம், உதவிக்கு வந்தனாங்கள் எண்டு சொன்னாக் காரியம் முடிஞ்சுது. நாளைக்கு அவ போயிடுவா. நாங்களே அவவை எழுப்பினது? இல்லையே."

அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருந்தார். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

திருகோணமலையில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. நாங்கள் ஓடிய பிறகு அதில் வேறு ஆட்கள் குடியேறினார்கள். அயலில் மிஞ்சியிருந்த ஒருவர் ரஜனியிடம் சொன்னாராம்: வந்தவர்களிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பழைய ஆட்கள் விரும்பித்தான் விட்டுவிட்டுப் போனார்கள் என்று சொல்லித்தான் குடியேற்றியவர்கள் அவர்களுக்கு அதைக் கொடுத்தார்களாம். அதைக் கேட்ட நாளில் நான் அந்த ஆட்களைத் திட்டாத திட்டு இல்லை. ஒரு வார்த்தை விசாரித்தார்களா, கிணற்றடியில் காய்ந்த பிள்ளையின் சட்டையைக் கண்டும் அவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லையா என்று கத்தினேன். இப்போது அந்த ஆட்களின் இடத்தில், இந்த அடுப்புக்கு முன்னால் நான் நின்றேன்.

"உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை."

"வெள்ளிக்கிழமை பிள்ளை வருது."

"எனக்குத் தெரியாதே? சொல்லுங்கோ. நான் மனம் மாறுறதுக்கு முதல் சொல்லுங்கோ."

சிவம் அண்ணை சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால் எழும்பி, விளிம்பைத் தாண்டி, துடைத்து வைத்த வெள்ளை அடுப்பில் வழிந்து கருகியது. நாங்கள் யாரும் அசையவில்லை. குசினி முழுக்கப் புகை. மடாம் ரோஸ்தான் எட்டி அடுப்பை நிறுத்தினார்.

அவர் எங்களைத் திட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டார். ஒரு பெட்டியின் நாடாவைக் கிழித்து, பத்திரிகைத் தாளைப் பிரித்து, மூன்று கோப்பைகளை வெளியே எடுத்தார். மிஞ்சிய பாலை ஊற்றிச் சீனி போட்டுத் தந்தார். குடித்தோம். மகளுக்கு எத்தனை வயது என்று கேட்டார், எட்டு என்றேன். பிறகு பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என் கையில் தந்துவிட்டுத் தொலைபேசிப் பக்கம் போனார். நாங்கள் படியிறங்கும்போது அவர் யாருடனோ உரத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

இதை நல்லவன் பெயர் எடுக்க எழுதவில்லை. பஸ்ஸில் ஏறியதும் எனக்கு எல்லோர்மேலும் ஆத்திரம் வந்தது. கோஸ்தாமேல், பஞ்சாங்கத்தின்மேல், பஞ்சாங்கம் பார்த்த மாமனார்மேல், பல்கனியில் பூச்சட்டி வளர்த்த அந்தப் பெண்மேல்கூட. எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல். நான்கு நாளில் என் பிள்ளை வருகிறது, கைக்கு வந்த வீட்டை நானே தட்டிவிட்டு வெறும் பாத்திரத்தோடு போகிறேன். "உமக்கு உண்மையிலேயே விசர்தான்" என்று சொல்லிவிட்டுச் சிவம் அண்ணை வேறு இருக்கையில் போய் இருந்தார். பின்னேரம் கோஸ்தா தொலைபேசியில் கத்தினார். எடுத்தது சிவம் அண்ணைதான். கோஸ்தா என்ன சொன்னார் என்பதை அவர் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

செவ்வாய் விடிந்தபோது நான் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து என் காலைத் தட்டியவர் சிவம் அண்ணை. "எழும்பும். இண்டைக்கு ஊரெல்லாம் மாறுது. எங்கையாவது ஒருத்தன் வராமல் விட்டிருப்பான். நடவும், பாப்பம்."

அன்றைய மொன்றியலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் லொறி. நடைபாதையில் சோபாக்கள், மெத்தைகள், குளிர்பெட்டிகள், கூண்டோடு ஒரு கிளி. வளைந்த இரும்புப் படிக்கட்டில் ஒரு பியானோவைக் கயிறு கட்டி இறக்கினார்கள், கீழே நின்றவன் வாயில் வராத தெய்வமில்லை. வீடு மாறுகிறவர்கள் சாமான்களுக்கு நடுவில் தெருவிலேயே இருந்து பியர் குடித்தார்கள், சிரித்தார்கள். அடுத்த தெருவுக்குப் போவதற்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று எனக்கு எரிந்தது. நாங்கள் வீடு விட்டு வந்தபோது எங்களிடம் ஒரு பை இருந்தது. அந்த வெயிலில் நான் கதவு கதவாகப் போய், ஆட்கள் போன வீடு எது, வராத வீடு எது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு இடத்திலும் இல்லை, இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை, ஒரு தொடர்மாடியின் நிலக்கீழ்த் தளத்தில் அப்படி ஒரு மூன்றரை அகப்பட்டது. எடுப்பதாகச் சொன்னவர்கள் வரவில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு ஹெயிட்டிப் பெண்மணி, இடுப்பில் சாவிக்கொத்தோடு, எங்களைவிடக் களைத்துப்போய் நின்றார். தலைக்கு மேல் குழாய்கள் ஓடின. ஜன்னல் தெருவோடு தெருவாக இருந்தது, போகிறவர்களின் கால்தான் தெரியும். ஆனால் கதவைப் பூட்டலாம். அறைக்குள் பிள்ளை உடுப்பு மாற்றலாம். ஒப்பந்தக் கடதாசியை அவர் அங்கேயே நீட்டினார்.

நான் பேனையை வாங்கவில்லை. "அண்ணை, இதில முந்தி இருந்தவை ஆர், எங்க போனவை எண்டு கேளுங்கோ."

சிவம் அண்ணைக்கு வந்ததே கோபம். "உமக்கு வீடு வேணுமோ, சரித்திரம் வேணுமோ?"

"கேளுங்கோ."

கேட்டார். அந்தப் பெண்மணி எங்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்து எதிர்ப் பக்கக் கட்டடத்தைக் காட்டினார். மூன்றாம் மாடிப் பல்கனியில் ஒரு இளம் சோடி மெத்தையொன்றைக் கதவால் நுழைக்க முடியாமல் சிரித்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் வேண்டுமென்று போகிறார்களாம். நான் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய்க்கிழமை, நேரம் என்ன என்று நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மிராபெல் விமான நிலையத்துக்கு வெகு முந்திப் போய் நின்றேன். நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்தது அது. வரவில்லை, வரவில்லை என்று தவித்து, கடைசி ஆட்களோடு அவர்கள் வந்தார்கள். வதனி வளர்ந்திருந்தாள். தாயின் சேலைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கவா விடவா என்று தெரியாமல் பெட்டியைத் தூக்கினேன். திரும்பும் பஸ்ஸில் ரஜனி, திங்கள் எல்லாம் சரியாக நடந்ததா என்று கேட்டாள். ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "ஐயாவுக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்து வதனி அறைகளைச் சுற்றிப் பார்த்தாள். குழாய்களைப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக என்னோடு நேராகப் பேசினாள்.

"அப்பா, இது ஆரின்ர வீடு? முந்தி இஞ்சை ஆர் இருந்தவை?"

அவளை ஜன்னலுக்குத் தூக்கி, அண்ணாந்து பார்க்கச் சொல்லிக் காட்டினேன். எதிர்ப் பக்கம் மூன்றாம் மாடியில் அந்த இளம் பெண் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "அவதான். தானா விரும்பித்தான் போனவ. நான் கேட்டுத்தான் எடுத்தனான்." வதனி கையை ஆட்டினாள். கீழ்ப் பொந்திலிருந்து யார் கையாட்டுகிறார்கள் என்று தெரியாமலே அந்தப் பெண்ணும் பதிலுக்கு ஆட்டினாள்.

வதனி யோசித்தாள். "அப்ப எங்கட வீட்டில இப்ப இருக்கிற பிள்ளையும் கேக்குமோ அப்பா, முந்தி ஆர் இருந்தவை எண்டு?"

பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்த ரஜனி நிமிராமலே சொன்னாள்: "கேட்டாலும் காட்டுறதுக்கு நாங்கள் என்ன எதிர் வீட்டிலயே இருக்கிறம்?"